திருகைத் தொடாதே

மார்ச் 4, திங்கள்

என் நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றியிருந்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தால் மார்லென். ஜன்னலோரம் கால் மேல் கால் போட்டு, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்களுக்கு விவாகரத்து ஆகி ஒன்பது வருஷம். ஒரே ஊரில் இருந்தும் இரண்டு சாவு வீட்டிலும் மகள் கல்யாணத்திலும் மட்டும்தான் பார்த்துக்கொண்டோம். “சலாம், எஞ்சினியரம்மா” என்கிறான். “சேர்ந்து வேலை பார்க்கப் போறோமாம். உனக்குச் சொல்லலையா?”

சொல்லவில்லை. இயக்குநர் ஜிபெக்கிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவள். “எஜே, உங்களுக்குள்ள இருக்கிறது வீட்டு விஷயம். இந்த பிஷ்கெக்ல அவரோட காது மாதிரி வேற யாருக்கு இருக்கு, நீங்களே சொல்லுங்க?” எஜேயாம். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அக்காவிடம் எதையும் சொல்லாமல் செய்யலாம் போலிருக்கிறது.

காது. எங்கள் வானொலியில் எல்லோரும் இவன் காதைப் பற்றி முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒலி இயக்குநர் மார்லென் சரி என்றால் சரி. மீட்டர் சொல்வதைக் கேட்க வேண்டாம். மீட்டரைப் பார்க்கிறவள் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

கீழ்த்தளத்தில் ஆயிரக்கணக்கில் டேப் கிடக்கிறது. கோடை முடிவதற்குள் எல்லாவற்றையும் ஓட்டிக் கணினியில் ஏற்ற வேண்டும், கீழ்த்தளம் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாடகைக்குப் போகிறது. செலவை ஏற்கும் வெளிநாட்டார் ஏப்ரல் கடைசிக்குள் மாதிரிக்குப் பத்து டேப் கேட்டிருக்கிறார்கள். அது தேறாவிட்டால் எமில் என்ற தனியார்க்காரனிடம் வேலை போகும். ஒரே மாதத்தில் முடித்து, ஓட்டிய டேப்பையெல்லாம் லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானாம். அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

நாற்காலியை இறக்கி வைத்தேன்.

மார்ச் 6, புதன்



டீ எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். டேப் இயந்திரத்தின் பின்மூடி கழன்று கிடக்கிறது, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே டேப் சுற்றிக்கொண்டிருக்கிறது. மார்லென் முழங்கை வரை உள்ளே கையை விட்டு இரும்புத் திருப்புளியால் எதையோ திருப்பிக்கொண்டிருக்கிறான். மோட்டார் பக்கத்து மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறியும். இவன் பிளக்கைக்கூடப் பிடுங்கவில்லை!

“கையை எடு!”

“கத்தாதே. கத்தினா கை வழுக்கும்.”

ஓடிக்கொண்டிருந்தது எந்த டேப் தெரியுமா? நாரின் மலைப்பக்கத்து உல்கான் பாடிய ஒப்பாரி, அறுபத்து நாலில் பதிந்தது. அவள் குரல் வேறெங்கும் கிடையாது. அசல் டேப்பை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே திருகைத் திருப்புகிறவனை என்ன சொல்ல? முதலில் டேப்பைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும், அதில் சேர்ந்த காந்தத்தை எடுக்க வேண்டும், அளவு டேப்பைப் போட வேண்டும். ஒவ்வொரு ஒலியும் எத்தனை பலத்தில் வர வேண்டும் என்று தொழிற்சாலையில் அளந்து பதிந்த டேப் அது, எங்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான். அதை ஓட்டி, மீட்டர் முள் சொல்கிற இடத்தில் திருகை வைத்து, வைத்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்ட பிறகுதான் அசலைத் தொடலாம். இதை இவனுக்கு நான் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறேன்.

“மூடி போட்ட பானைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் திறந்து விட்டேன், அவ்வளவுதான்” என்றான்.

ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டேன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறியது.

“இது உனக்கு நல்லா இருக்கா?”

“பிரமாதமா இருக்கு.”

வேண்டுமென்றே செய்கிறான். எனக்கு எரியட்டும் என்றே செய்கிறான்.

மார்ச் 8, வெள்ளி

விடுமுறை. பெண்கள் தினமாம். மார்லென் கதவிடுக்கில் மூன்று துலிப் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எடுத்து மேசையில் போட்டேன், தண்ணீர் வைக்கவில்லை.

பிறகு வைத்தேன். பூ என்ன பாவம் செய்தது.

மார்ச் 12, செவ்வாய்

சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: திருகைத் தொடாதே. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கீழே அவன் கையெழுத்தில் என் பெயரையும் சேர்த்து, “புருலையும்.”

கிழித்துப் போட்டேன். சிரிப்பு வந்தது, அதனால் இன்னும் கோபம்.

மதியம் முழுவதும் வாக்குவாதம். ஒரு விஷயத்தில் அவன் சொல்வது சரி என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு இயந்திரத்தில் பதிந்தது. அங்கே ஹெட் மயிரிழை சாய்ந்திருந்தால் ஒலியும் டேப்பில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கும். நம் ஹெட்டையும் அதே அளவு சாய்த்தால்தான் முழுக் குரலும் வரும். அந்த ஒரு திருகை மட்டும் டேப்புக்கு டேப் திருப்பித்தான் ஆக வேண்டும். மற்றவை அளவு டேப் சொன்ன இடத்திலேயே இருக்க வேண்டும்.

“சரி, சாய்வுத் திருகு உன்னோடது” என்றேன். “வேற எதுலயாவது உன் கை பட்டுச்சுன்னா ஒடிச்சிருவேன்.”

“இருபது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கே” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து புதுத் திருப்புளி ஒன்றை எடுத்தான். ஓஷ் பஜாரில் வாங்கியதாம். கீழே விழுந்த திருகாணியைத் தானே தூக்கிக்கொண்டு வருமாம். நான் எதையோ தேடிக்கொண்டிருந்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 18, திங்கள்

ஒரு வாரமாக நாள் தவறாமல் காலையில் அளவு டேப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்கினோம். என் கையால் நான்தான் ஓட்டினேன். நான்!

இன்று உச்ச ஒலியில், அந்தக் கீச்சென்ற விசிலில், மீட்டர் முள் ஏறவில்லை. ஹெட் அழுக்கு என்று நினைத்தேன், துடைத்தேன். ஏறவில்லை. சாய்வைப் பார்த்தேன். ஏறவில்லை. மூலையில் கிடக்கும் இன்னொரு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன், அங்கும் அதே குறை. அப்படியென்றால் குறை இயந்திரத்தில் இல்லை, டேப்பில். அளவு டேப்பே அழிந்துகொண்டிருக்கிறது.

எப்படி? யோசித்துக்கொண்டே மேசையில் கையை வைத்தபோது என் கொண்டை ஊசி ஒன்று நகர்ந்து போய் மார்லெனின் திருப்புளி நுனியில் ஒட்டிக்கொண்டது.

காந்தம்.

காந்தம் ஏறிய இரும்பை ஹெட்டின் மேல் வைத்து தினமும் திருப்பியிருக்கிறான். ஹெட் காந்தமாகிவிட்டது. அந்த ஹெட்டின் மேல் ஓடுகிற ஒவ்வொரு டேப்பிலும் உச்ச ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும், இரைச்சல் ஏறும். போனது திரும்பாது. அளவு டேப் தினமும் ஓடியது, அதுதான் முதலில் காட்டிக் கொடுத்தது. அந்த வாரம் ஓடிய அசல் டேப்கள்? உல்கானை இரண்டு தடவை ஓட்டினோம்.

ஜன்னலைத் திறந்து திருப்புளியை வெளியே எறிந்தேன். மூன்றாம் மாடி. கீழே சேற்றில், ஜிபெக்கின் டிரைவர் காலடியில் போய்க் குத்தி நின்றது. அவன் அண்ணாந்து பார்த்தான். நானும் பார்த்தேன்.

“ஒரு வாரமா உச்ச ஒலி குறைஞ்சுகிட்டே வந்திருக்கு. உனக்குக் கேக்கலையா? ஊரே கொண்டாடுற காதாச்சே, அதுக்குக் கேக்கலையா?” என்று கத்தினேன்.

மார்லென் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 19, செவ்வாய்

ஜிபெக்கிடம் சொன்னேன். வேறு வழியில்லை, அளவு டேப் இல்லாமல் வேலையைத் தொட முடியாது.

“புதுசு ஒண்ணு வாங்கிட்டா போச்சு?”

“வாங்க எங்கேயும் இல்லம்மா. வெளிநாட்டுல சொல்லி செஞ்சு வரணும், மாசக்கணக்காகும்.”

“அப்போ எமிலைக் கூப்பிட வேண்டியதுதான். அவருக்கு அந்த டேப்பெல்லாம் தேவையில்லையாம், எஜே. காதால கேட்டே செஞ்சிடுவாராம்.” கூடவே, “யாரு கெடுத்தது, எப்படி கெட்டுச்சுன்னு எழுதிக் குடுத்திடுங்க. மேல கேப்பாங்க.”

என்னத்தை எழுத? கெடுத்தது மார்லெனின் திருப்புளி, ஓட்டியது என் கை. அவனைப் பற்றிப் புகார் சொல்லப் போய் எமிலுக்கு நானே கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். படி இறங்கும்போது கைப்பிடியில் ஓங்கி ஒரு குத்து குத்தினேன். கை வீங்கியிருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

நோரூஸ், வசந்தப் புத்தாண்டு. முற்றத்தில் அண்டா வைத்து முளைகட்டிய கோதுமையில் சுமோலோக் கிண்டினார்கள். கரண்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் கிண்டிவிட்டு வந்தேன். கிண்டும்போது நல்லதை வேண்டிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு எமிலின் லாரி டயர் வெடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மகள் மீரிம் ரஷ்யாவின் கசானிலிருந்து கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். “அப்பாவை ரொம்பத் திட்டாதேம்மா” என்றாள்.

எல்லோருக்கும் அவன் செல்லம்.

மார்ச் 26, செவ்வாய்

எல்லை தாண்டி, கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போய்வந்தேன். என் பழைய மேலதிகாரி கென்ரிக் அங்கே மகனோடு இருக்கிறார். அவரிடம் ஓர் அளவு டேப் இருக்கும் என்று தெரியும். மனிதர் பெட்டியைத் திறக்கும் முன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஹெட்ல காந்தம் இருக்கான்னு பார்க்காம எப்படி ஓட்டினே?”

“திட்டுங்க. திட்டிட்டுக் குடுங்க.”

திட்டினார். ஒரு தடவைக்கு மேல் ஓட்டாதே, வேகமாகச் சுற்றாதே, பதியும் பகுதியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் மாட்டு, வேறு யார் கையிலும் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்குத் தெரியாததையா சொன்னார்?

கோர்தாய் எல்லையில் சோதனை செய்யும் பையன் உலோகம் தேடும் காந்தக் கைக்கருவியை டேப் பெட்டியின் மேல் கொண்டுவந்தான். நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “குண்டு வச்சிருக்கீங்களா எஜே?” என்றான். “குண்டுன்னா உன் கையில குடுத்துட்டுப் போயிருப்பேன்” என்றேன். பெரிய அதிகாரி வந்து, பெட்டியைத் திறந்து, வட்டமாக ஒரு டேப்பைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கால் மரத்துவிட்டது.

மார்ச் 28, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் அறையிலிருந்த எல்லா டேப்பையும் நடைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தோம், கென்ரிக்கின் டேப்பை இன்னும் தள்ளி. கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். இயந்திரத்தை அணைத்தேன். காந்தம் எடுக்கும் கருவியை எட்டத்திலேயே முடுக்கி, மெல்ல ஹெட்டுக்குக் கொண்டுபோய், மேலும் கீழும் தடவி, அதைவிட மெல்லப் பின்னால் இழுத்து, கை முழுவதும் நீட்டிய பிறகுதான் அணைத்தேன். பக்கத்தில் வைத்து அணைத்தால் எடுத்ததைவிடப் பெரிய காந்தத்தை வைத்துவிட்டு வருவோம். மார்லென் சுவரோடு சுவராக நின்றான்.

பதியும் இணைப்பைப் பிடுங்கினேன். டேப்பை மாட்டினேன். “ஹெட்போனைப் போட்டுக்கோ. நடுவுல எங்கேயாவது ஒலி விட்டுப் போச்சுன்னா கையைத் தூக்கு. நான் முள்ளைப் பார்க்கறேன்” என்றேன். இந்த டேப்பில் அறிவிப்புக் குரல் கிடையாது, ஒலிகள் மட்டும்.

நடு ஒலி வந்தது. தலையாட்டினான். நான் பலத்தைச் சரி செய்தேன். அடுத்தது உச்ச ஒலி, பத்தாயிரம் ஹெர்ட்ஸ். முள் எழுந்து, அளவு சரி என்று காட்டும் பூஜ்யக் கோட்டில் போய் நின்றது. அப்படியே நின்றது, அசையவில்லை. பார்க்கவே கண்ணுக்கு அழகாக இருந்தது.

மார்லென் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பி, “போடேன். என்ன தாமதம்?” என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். பிறகு ஹெட்போன் வயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். எட்டிப்போய் அவன் காதிலிருந்து ஒரு பக்கத்தை விலக்கி என் காதில் வைத்தேன். பல்லைக் கூசவைக்கும் விசில். அதன் மறு பக்கம் அவன் காதிலேயே இருக்கிறது. அவன் என் முகத்தைப் பார்க்கிறான்.

டேப்பில் ஒலி உச்சத்திலிருந்து படிப்படியாக இறங்கியது. எட்டாயிரம். ஆறாயிரம். அவன் அசையவில்லை. வெகுவாக இறங்கிய பிறகுதான் “ம், வந்துச்சு” என்று தலையாட்டினான்.

எல்லா அளவையும் எழுதிக்கொண்டேன். திருகுகளுக்குக் கோடு போட்டேன். டேப் தானாக ஓடி முடியட்டும் என்று காத்திருந்து பெட்டியில் வைத்தேன். மார்லென் ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசையில் வைத்தான்.

“நல்ல டேப்” என்றான்.

மார்ச் 29, வெள்ளி

மீரிமைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் காது போனது அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மருமகனுக்குத் தெரியும். மருமகனின் அம்மாவுக்குத் தெரியும்!

“உன்கிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா.”

எனக்கு மட்டும். எனக்கு மட்டும் ஏன்? ஃபோனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டு கத்தினேன், யாரும் இல்லாத வீட்டில். அவன் செவிடானதற்கா கோபம்? இல்லை. செவிட்டுக் காதோடு என் அறைக்குள் வந்து உட்கார்ந்து, “பிரமாதமா இருக்கு” என்றானே. அவனுக்குக் கேட்கும்வரை உச்ச ஒலியைத் தூக்கித் தூக்கி வைத்தானே. அதை நான் கொழுப்பு என்று நினைத்தேனே. நான் இத்தனை நாள் திட்டியதெல்லாம் தப்பான இடத்தில் போய் விழுந்திருக்கிறது. திட்டைக்கூட ஒழுங்காகத் திட்ட விடவில்லை இந்த மனுஷன்.

ஏப்ரல் 1, திங்கள்

மதியம் அவனை இழுத்துக்கொண்டு அஷ்லியான்ஃபூ என்கிற புளிப்பு நூடுல்ஸ் விற்கும் கடைக்குப் போனேன். அலுவலகத்தில் பேச முடியாது. கிண்ணம் வந்தது, இரண்டு பேரும் தொடவில்லை.

“எப்போலேருந்து?”

“முதல்ல கொசு போச்சு. கடிச்சாத்தான் தெரியும். அப்புறம் கெட்டில் விசில், ரெண்டு தடவை தண்ணி வத்திப் பாத்திரம் கருகிப்போச்சு. அப்புறம் மீரிம் ஃபோன்ல பேசினா பாதி எழுத்து வராது. ‘ச’வெல்லாம் போயிடுச்சு.”

“ஜிபெக் வேலைக்குக் கூப்பிட்டப்போ?”

“உங்க காது வேணும்னு சொன்னா, புருல். நாலு பேர் எதிர்ல அப்படிச் சொன்னா. இல்லேன்னு எப்படிச் சொல்றது?”

“வாயால!”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். “அந்த உல்கான் டேப்பை ரெண்டு தடவை ஓட்டினியே, மார்லென். காந்தம் ஏறின ஹெட்ல. அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு டேப். உனக்கு வெட்கமா இருந்துச்சுங்கிறதுக்காக அவ குரல் தேயணுமா?”

அவன் கரண்டியை எடுத்தான், வைத்தான். “திருப்புளியில காந்தம் இருந்தது சத்தியமா எனக்குத் தோணலை” என்றான். “ஆனா ஒலி குறையுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை. நீ கத்தினியே, அப்போதான் எனக்கே உறைச்சுது. அதுவரைக்கும் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்னு என்னையே ஏமாத்திக்கிட்டிருந்தேன்.”

“ஜிபெக்கிட்ட நீயே போய்ச் சொல்லு. இல்லேன்னா அவ கேட்ட அந்த அறிக்கையை நான் எழுதிக் குடுத்துடுவேன்.”

“எழுதிடேன். உனக்கு அது சுலபம்.”

“அதனாலதான் எழுத மாட்டேன்.”

வரும் வழியில் வாதுமை மரம் பூத்திருக்கிறது. அது வேறு.

ஏப்ரல் 3, புதன்

சொல்லிவிட்டான். அதுவும் எமில் உட்கார்ந்திருக்கும்போது. நேரம் பார்க்கத் தெரியாத மனிதன். அல்லது வேண்டுமென்றேதானா?

நின்றுகொண்டே சொன்னான். “எனக்கு உச்ச ஒலி கேக்காது. ரெண்டு வருஷமாச்சு. டேப்பைக் கெடுத்தது நான்தான். நான் ஏத்தினதெல்லாம் மறுபடி ஏத்தணும்.” தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

எமில் சிரித்தான். வாய் விட்டுச் சிரித்தான். “செவிட்டு ஆளை வச்சா ஒலி வேலை பார்த்தீங்க?”

நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. “அவன் செவிடுதான். உனக்குத்தான் ரெண்டு காதும் இருக்கே. அந்தக் கீழ்த்தளத்துல இருக்கிற ஒரு டேப்பையாவது இதுவரைக்கும் கேட்டிருக்கியா? ஒண்ணே ஒண்ணு? யார் பாடினது, எந்த ஊர், சொல்லு பார்ப்போம். லாரி மட்டும்தான் தெரியும் உனக்கு.”

எமில் சிரிப்பை நிறுத்தினான். ஜிபெக் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எஜே, மாதிரி டேப் பத்துக்கும் பொறுப்பு நீங்க எடுத்துக்கறீங்களா?”

“எடுத்துக்கறேன்.”

“அவரோடயா, அவர் இல்லாமலா?”

இல்லாமல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “திருகு திருப்ப ஆள் வேணும். அவன் கை நல்லா இருக்கு” என்று வந்தது. நானா பேசினேன்? வீட்டுக்கு வந்த பிறகும் என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

ஏப்ரல் 10, புதன்

கிடங்கிலிருந்து அலைகாட்டித் திரை ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தேன். ஹெட்டின் மேல் பாதியில் வரும் ஒலியும் கீழ்ப் பாதியில் வரும் ஒலியும் ஒத்துப்போனால் திரையில் ஒற்றைச் சாய்கோடு தெரியும். ஹெட் சாய்ந்திருந்தால் கோடு முட்டை மாதிரி உப்பிவிடும். காதே வேண்டாம்.

அவனுக்குப் பித்தளைத் திருப்புளி வாங்கிக் கொடுத்தேன். எந்த ஊசியும் ஒட்டாது, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

உல்கானை மாட்டினோம். முட்டை. மார்லென் திருப்பினான், அவ்வளவு மெதுவாக ஒரு மனிதக் கை நகர முடியும் என்று எனக்குத் தெரியாது. முட்டை ஒடுங்கியது, ஒடுங்கிக் கோடானது. என் ஹெட்போனில் மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. பாடத் தொடங்கும் முன் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. பக்கத்தில் எங்கோ ஒரு குழந்தை இருமியது.

“எப்படி இருக்கு?” என்றான்.

சொன்னேன். மூச்சு, குழந்தை, எல்லாம். அவன் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

சில எழுத்துகள் மட்டும் மழுங்கியிருக்கின்றன. அறுபத்து நாலிலேயே அப்படியா, அந்த வாரத்தில்தான் அப்படி ஆயிற்றா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. இதை அவனிடம் சொல்லவில்லை என்று எழுத ஆசை. சொன்னேன். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 17, புதன்

சண்டை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா. ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 26, வெள்ளி

பத்தும் அனுப்பியாயிற்று. கென்ரிக்கின் டேப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு தடவைதான் ஓட்டினாயா என்று மூன்று தடவை கேட்டார்.

மே 16, வியாழன்

தேறிவிட்டது. மறுபேச்சில்லாமல். வேலை எங்களுக்கே. ஜிபெக் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், எனக்குப் பழக்கமில்லை, மரம் மாதிரி நின்றேன். மூன்று புதிய அளவு டேப்களை அந்த வெளிநாட்டாரே அனுப்புகிறார்களாம்.

மார்லென் மார்ச் மாதத்தில் கணினியில் ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவனே உட்கார்ந்து அழித்தான். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் பாடியவர் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டான். நான் வெளியே போய் நின்றேன்.

கீழ்த்தளத்து டேப்கள் எல்லாம் எங்கள் மாடி நடைக்கு வந்துவிட்டன. எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். லாரி வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

காது மருத்துவமனைக்கு மார்லெனோடு போனேன். தனியாக அனுப்பினால் போய்வந்தேன் என்று பொய் சொல்வான் என்பதால் மட்டும்.

ஒரு சின்னப் பெண் அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலியைக் கேட்டதும் கையைத் தூக்கச் சொன்னாள். அவனும் தூக்குகிறான், விடுகிறான், பாவமாக உட்கார்ந்திருக்கிறான். நான் அவள் பின்னால் நின்று கருவியைப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடைசியாகச் சரிபார்த்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால்.

“இது என்னம்மா தேதி?”

“அது பழைய சீட்டு, எஜே. நீங்க வெளியே இருங்க.”

“புதுச் சீட்டு எங்கே?”

“கருவி நல்லாத்தான் வேலை செய்யுது.”

“நல்லா வேலை செய்யுதுன்னு நீ எதை வச்சு அளந்தே? இது காட்டுற அளவை நம்பித்தானே அவரு காதுல கருவி மாட்டப் போறீங்க? இது தப்புன்னா அதுவும் தப்பு. அந்தத் தப்பை அவரு சாகுறவரைக்கும் காதுல மாட்டிக்கிட்டு அலையணுமா?”

பெரிய டாக்டர் வந்தார். அவருக்கும் சொன்னேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு கிழவர், “அப்போ எனக்குப் போன வாரம் பார்த்தது?” என்று கேட்க ஆரம்பித்தார். கண்ணாடி அறையைத் திறந்து மார்லெனின் ஹெட்போனைக் கழற்றி, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெருவில் வந்துதான் கையை விட்டேன்.

“பாவம் அந்தப் பொண்ணு. ஏன் அப்படிக் கத்தினே?” என்றான்.

“கண்ணாடிக்குள்ள இருந்தியே, கேட்டுச்சா?”

“பூராவும்.”

மோர் மாதிரிப் புளித்த மக்சிம் விற்கிறவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஒரு குவளை குடித்தோம்.

திங்கட்கிழமை காலை வேறொரு இடத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். அங்கே கருவியைப் போன மாதம்தான் சரிபார்த்தார்களாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவன் பெயரைக் கொடுத்தேன்.